புகழ்ச்சியில் ஒரு பேதம்

ஒரு மனிதனை இகழ்ந்துதான் அவமதிக்க வேண்டும் என்பதில்லை, புகழ்ந்தும் அவமதிக்கலாம். டெலிவிஷனில் ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு இது விளங்கும். வெள்ளைக்கார ஆட்டக்காரர் பந்தை லாகவமாகக் கடத்திக்கொண்டு போனால், என்ன புத்தி, என்ன நிதானம் என்று வியக்கிறார் வர்ணனையாளர். கறுப்பு நிறத்தவர் அதையே செய்தால், என்ன பலம், என்ன வேகம் என்கிறார். இரண்டும் புகழ்ச்சிதான். ஆனால் ஒருவருக்குத் தலை இருக்கிறது. மற்றவருக்குக் கால்கள் மட்டுமே இருக்கின்றன.

இதை வெறும் பிரமை என்று தள்ள முடியாது. 2020-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரன்ரிப்பீட் என்னும் நிறுவனம், இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் லீக் ஆட்டங்களில் 80-ஐ எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆங்கில வர்ணனையை அலசிப் பார்த்தது. புத்திக்கும் உழைப்புக்கும் கிடைத்த பாராட்டில் பெரும்பகுதி வெளுத்த நிறத்தவருக்குப் போயிருந்தது. பலம், வேகம் என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் கறுத்த நிறத்தவரைப் பற்றியதாக இருந்தது.

பலமும் ஒரு சிறப்புத்தானே, அதைச் சொன்னால் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலம் பிறவியிலேயே வந்துவிட்டது போலச் சொல்கிறார்களே, அங்கேதான் சூது இருக்கிறது. ஒருவர் வருஷக்கணக்கில் பாடுபட்டுத் தேடிக்கொண்டதை அவரிடமிருந்து பிடுங்கி, அவருடைய இனத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். வர்ணனையாளர் கெட்ட எண்ணத்தோடு பேசுகிறார் என்று நான் நினைக்கவில்லை. ஓடுகிற பந்துக்கு ஈடுகொடுத்துப் பேசுகிறவருக்குச் சொல் தேட அவகாசம் ஏது? நாக்கு நுனியில் இருப்பது வந்து விழுகிறது. ரேடியோவில் கேட்டபோதாவது, பிறத்தியார் சொல்லக் கேட்கிறோம் என்ற நினைப்பு நமக்கு இருந்தது. டெலிவிஷனில் படமும் பேச்சும் ஒன்றாக வருவதால், காதில் விழுந்ததையும் கண்ணால் கண்டதாகவே நம்பிவிடுகிறோம்.

இனத்தின் கணக்கில் வரவு வைக்கிறவன் பற்றையும் அங்கேதான் எழுதுவான். 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், இங்கிலாந்து இத்தாலியிடம் பெனால்டி உதையில் தோற்றது. உதையைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, ஸாகா மூவரும் கறுப்பர்கள். ஸாகாவுக்கு அப்போது வயது 19. அன்றிரவே சமூக வலைத்தளங்களில் அவர்களுடைய நிறத்தைச் சொல்லி வசைமாரி பொழிந்தார்கள். ஸாகா லண்டனில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். பந்து வலைக்குள் போகும்வரை அவர் லண்டன்காரர், போகாவிட்டால் நைஜீரியாக்காரர்!

2024 ஜூலை 6 அன்று, அதே கோப்பையின் கால் இறுதியில், ஸ்விட்ஸர்லாந்திடம் இங்கிலாந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தது. 80-ஆவது நிமிஷத்தில் ஸாகா வலது ஓரத்திலிருந்து உள்ளே திரும்பி, இடது காலால் தூரத்துக் கம்பத்தின் உட்புறம் பட்டு உள்ளே போகும்படி பந்தை அடித்தார். பிறகு நடந்த பெனால்டி உதையிலும் தம் பங்கைத் தவறாமல் செய்தார். இங்கிலாந்து ஜெயித்தது. அந்தக் கோல், எதிரே நின்றவர்களுக்கு நடுவே கிடைத்த சிறு சந்தைப் பார்த்து, கணக்குப் பண்ணி அடித்த கோல். அதில் வேகத்துக்குப் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை.