கண் காணாத இணைப்பு

கொச்சியைச் சேர்ந்த தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் ஒன்று இருக்கிறது. மரப்படகுகளோடு இரும்பு உடல் கொண்ட விசைப்படகுகளும் அங்கே கரை சேர்கின்றன. அருகிலுள்ள மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும், 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே கலைவிழாவையொட்டிக் கலைக்கல்லூரி மாணவர்களின் படைப்புகளும் காட்சிக்கு வருகின்றன. படகுக்குத் தகடு பற்றவைக்கும் தொழிலாளியும், சிற்பம் செய்ய வெல்டிங் கற்கும் மாணவனும் செய்வது ஒரே செயல்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு.

படகின் இணைப்பு சோதிக்கப்படுகிறது. ஒருபுறம் சுண்ணாம்பு பூசி, மறுபுறம் மண்ணெண்ணெய் தடவிப் பார்ப்பது பழைய முறை. மயிரிழைத் துளை இருந்தாலும் வெண்மையில் கறை தோன்றிவிடும். அதற்குத் தப்பினாலும் கடலுக்குத் தப்ப முடியாது. சிற்பத்தின் இணைப்பையோ எவரும் சோதிப்பதில்லை.

புதிதாகக் கற்பவனின் கை அவசரப்படும். இரும்பு உருகச் சுமார் 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெல்டிங் ராடை வேகமாக நகர்த்தினால், அதிலிருந்து உருகும் உலோகம் மேலே படியுமே தவிர, அடியிலுள்ள இரு துண்டுகளும் உருகிக் கலப்பதில்லை. வெளியே ஒன்று, உள்ளே இரண்டு! கிரைண்டரால் தேய்த்து வண்ணமும் பூசிவிட்டால், தேர்ந்த கைவேலைக்கும் இதற்கும் வேற்றுமை தெரியாது. காண்பதற்கென்றே செய்யப்படும் பொருளில், கண் காணாத பகுதி செம்மையாக இருக்கத்தான் வேண்டுமா?

‘வேண்டியதில்லை, கலை என்பதே தோற்றம்தானே’ என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னைக்கருகே நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் ஜானகிராம், நந்தகோபால் போன்றோர் உருவாக்கிய உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் முன்னிருந்தே காணத்தக்கவை. கருவறைத் திருமேனியை நாம் முன்னின்று தரிசிப்பது போல. அவற்றில் வஞ்சனை ஏதுமில்லை. முன்புறத்தைக் காட்டும் சிற்பம், தனக்கு இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வதில்லை. ஆனால் தேய்த்து மழுப்பிய இணைப்பு, ‘இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன’ என்று சொல்கிறது. அது பொய்.

கை பழகாததால் நேரும் குறை குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். பிறர் மதிப்பை நாடிப் பகட்டுக்காகச் செய்யப்படும் தவத்தை ராஜஸம் என்று வகுக்கிறது கீதையின் பதினேழாம் அத்தியாயம். வேலைக்கும் அது பொருந்தும். ‘எவரும் பார்க்கவில்லை’ என்பதும் உண்மையன்று, செய்தவனே பார்த்துவிட்டான். இன்று சிற்பத்தில் மறைக்கப் பழகும் கை, நாளை குழந்தைகள் ஏறி விளையாடும் பூங்காச் சிற்பத்திலும் அதையே செய்யும். சம்ஸ்காரத்திற்குப் பொருள் பேதம் தெரியாது.

ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ், பொற்கொல்லர் குடும்பத்தில் 1876-இல் பிறந்தவர். நாற்பது வயதைக் கடந்தபின், 1918-இல், பாரிஸ் அருகிலுள்ள ரெனோ தொழிற்சாலையில் தொழிலாளியாக வேலை செய்தபோதுதான் அவர் அசிட்டிலின் வெல்டிங் கற்றார். தொழிற்சாலையில் அழகுக்கு வேலையில்லை. இணைப்பு தாங்கியாக வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின், உலகப் புகழ் பெற்றுவிட்ட பிகாசோ உலோகச் சிற்பம் செய்ய விரும்பியபோது நாடியது இவரைத்தான். பிகாசோவும் அங்கே புதியவரே. தம் சொந்த இரும்புச் சிற்பங்களில் கொன்சாலெஸ் முழுமூச்சாக ஈடுபட்டதும் ஏறக்குறைய அப்போதுதான், ஐம்பது வயதைக் கடந்த பின்னர்.

பட்டறைகளில் ஒரு பயிற்சி உண்டு. மாணவன் இரு துண்டுகளைப் பற்றவைத்து, ஆறியதும் கசடைத் தட்டி நீக்குகிறான். பிறகு அதை வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து, தன் கையாலேயே உடைக்கிறான். உடைந்த இடத்தில் இரு துண்டுகளின் பழைய விளிம்பு அப்படியே தெரிந்தால், அங்கே உலோகம் கலக்கவில்லை என்று பொருள். பார்வைக்கு அழகாக வந்த துண்டைத்தான் உடைக்க மனம் வராது. ஆசிரியர் முதலில் உடைக்கச் சொல்வதும் அதைத்தான்.