கரண்டைக்கால் அளவு

காயல்பட்டினத்தில் பிறந்த பெண்ணுக்கு வீடு தேடும் வேலை கிடையாது. நிக்காஹ் பேசும்போதே அவளுக்கு எந்த வீடு என்பது முடிவாகியிருக்கும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். மூத்தவளான லாத்தாவுக்குப் புது வீடு, எனக்கு உம்மா வீட்டில் பாதி என்று எனக்குப் பத்து வயதிருக்கும்போதே வாப்பா பேசி முடித்துவிட்டார். அந்தப் பாதியைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் நானும் மச்சானும் இரண்டு பிள்ளைகளும் அரிசோனாவில் இருக்கிறோம். மச்சானுக்கு ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் சிப் தொழிற்சாலை வேலை. ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். நாற்பத்தோரு வயதில்தான் முதன்முதலாக வீடு பார்க்கக் கிளம்பினேன். அதுவும் பாலைவனத்தில், 2023 கோடையில்.

அந்தக் கோடையை ஃபீனிக்ஸ்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜூன் கடைசி நாள் தொடங்கி 31 நாள், ஒரு நாள் விடாமல், 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். வீட்டு முகவர் வாசல் கைப்பிடியைத் துண்டால் பிடித்துத் திறப்பார். உள்ளே போனதும் நான் வீடியோவில் உம்மாவுக்கு அடுப்படியைக் காட்டுவேன், கூடத்தைக் காட்டுவேன், ஒளு செய்யத் தோதான குழாய் இருக்கிறதா என்று தேடிக் காட்டுவேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உம்மா ஒரே கேள்விதான் கேட்பார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. பக்கத்துல யாரு இருக்காஹ?"

எனக்குத் தெரியாது. முகவரிடம் கேட்டேன். இந்தத் தெருவில் எங்களைப் போல முஸ்லிம்கள் இருக்கிறார்களா, குடும்பக்காரர்கள்தானா, எப்படிப்பட்ட ஆட்கள்? அவர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். அக்கம்பக்கத்தார் என்ன மதம், என்ன இனம் என்று சொல்லி வாங்குபவரை ஒரு தெருவுக்குத் தள்ளுவதும் இன்னொரு தெருவிலிருந்து விலக்குவதும் 1968ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டப்படி குற்றமாம். கூரைக்கு எத்தனை வயது, குளிர்சாதன எந்திரம் எத்தனை டன் என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றார். உம்மாவிடம் சொன்னபோது, "இது என்ன சட்டம்? அதைத்தானே முதல்ல கேக்கணும்" என்றார்.

உம்மா சொல்வதற்குப் பின்னால் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. வீட்டைப் பார்ப்பதற்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அரபிகளின் பழைய சொல். நபிமொழியாகவும் அதைச் சொல்வதுண்டு. ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பலவீனமோ பலமோ, பாலைவனத்தில் வாழ்ந்தவர்களின் சொல் அது. குர்ஆனின் 66ஆவது அத்தியாயத்தில் ஃபிர்அவ்னின் மனைவி கேட்கும் துஆவையும் விரிவுரையாளர்கள் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்த அம்மையார் சொர்க்கத்தில் வீடு கேட்கிறார். ஆனால் அரபி மூலத்தில் 'உன்னிடத்தில்' என்ற சொல் முன்னால் வருகிறது, 'வீடு' பின்னால் வருகிறது. யார் பக்கத்தில் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டைக் கேட்டார் என்று அதற்கு விளக்கம். கொடுங்கோலனின் அரண்மனையில் வாழ்ந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

இருந்தாலும், வீடு வீடாக ஏறி இறங்கியபோது எனக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல அண்டை வீட்டாரைத் தேடி எல்லோரும் போய்விட்டால் மற்றவர்களுக்குப் பக்கத்தில் யார் இருப்பது? இங்கே பள்ளிக்கூடங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து வீட்டு விலை ஏறும், விலையைப் பார்த்து ஆட்கள் வருவார்கள், ஆட்களைப் பார்த்து எண் ஏறும். அண்டை வீட்டாரைக் காசு கொடுத்து வாங்குகிற ஏற்பாடுதான் இது. ஆனால் எனக்குத் தெரிந்த பலமான ஹதீஸ்கள் எதிலும் அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இல்லை. அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், நல்லவரோ கெட்டவரோ. ஆணத்தில் கொஞ்சம் தண்ணீர் கூட ஊற்றி அவருக்கும் கொடு என்பதுதான் பேச்சு. வாரிசுரிமையும் கொடுத்துவிடுவாரோ என்று நினைக்குமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அண்டை வீட்டாரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்ததாக நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். வாரிசை யாராவது விலைப்பட்டியல் பார்த்து எடுப்பார்களா?

ஆயிஷா நாயகி (ரலி) கேட்ட ஒரு கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். எனக்கு இரண்டு அண்டை வீட்டார், அன்பளிப்பை யாருக்கு அனுப்ப என்று கேட்டார்கள். யார் வாசல் உனக்கு மிக அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நபிகளார் பதில் சொன்னார்கள். குணத்தையோ குலத்தையோ சொல்லவில்லை, வாசலைச் சொன்னார்கள்.

சரி, ஃபீனிக்ஸில் யார் வாசல் அருகில்? காயலில் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு உண்டு. ஓர் ஆள் அகலச் சந்து, பெண்கள் தெருவுக்குப் போகாமலேயே வீட்டுக்கு வீடு போய்வர. மதியச் சோறு வடிக்கும்போது எந்த வீட்டில் என்ன ஆணம் என்று மூக்குக்குத் தெரியும். இங்கே ஒவ்வொரு கொல்லைக்கும் ஆறடி உயரத்தில் சிமென்ட் கல் சுவர். முன்பக்கம் வாசல் இருப்பது பேருக்குத்தான். மனிதர்கள் வருவதும் போவதும் கராஜ் வழியாக. கதவு மேலே போகும், கார் உள்ளே போகும், கதவு கீழே வரும். வாடகை வீட்டில் ஒன்பது வருடம் இருந்தும் இடப்பக்கத்து ஆளின் முகத்தைவிட அவர் காரின் பின்பக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

மச்சானுக்குப் பிடித்தது தெற்குச் சாண்ட்லரில் ஒக்கடீயோ பக்கத்து வீடு. செயற்கை ஏரி, வாத்து, ஓடுபாதை எல்லாம் உண்டு. வேலைக்குப் பத்து நிமிடம். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்தப் பக்கத்தில் கொஞ்ச தூரம் போனால் நகரம் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்பால் ஹீலா நதிப் பழங்குடிச் சமூகத்தின் நிலம். அக்கிமெல் ஓஓதம் என்ற அவர்கள் பெயருக்கே ஆற்று மக்கள் என்றுதான் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழியாகக் கலிஃபோர்னியாவுக்குப் போனவர்களுக்குக் கோதுமை விற்றவர்கள். பிறகு மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பி வெட்டிக்கொண்டார்கள். ஆற்று மக்களுக்கு ஆறு இல்லாமல் போனது, பஞ்சம் வந்தது. அவர்களுடைய தண்ணீர் உரிமைக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டுத் தீர்வு கொடுத்தது 2004இல்தான்.

மதீனாவில் மஹ்ஸூர் என்றொரு ஓடை. மழை பெய்தால் ஓடும். அதில் மேட்டுக்காரருக்கும் பள்ளத்துக்காரருக்கும் தகராறு. மேட்டில் இருப்பவர் கரண்டைக்கால் அளவு தண்ணீரைத் தேக்கிக்கொள்ளலாம், அதற்குமேல் கீழே விட்டுவிட வேண்டும் என்று நபிகளார் தீர்த்தார்கள். முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஹீலாவின் மேட்டில் இருந்த எவர் மனத்திலும் கரண்டைக்கால் கணக்கு இருக்கவில்லை. அந்த வீட்டின் பின்வராந்தாவில் நின்று ஏரியைப் பார்த்தபோது, இந்த வீட்டுக்கு அண்டை வீட்டார் யார் என்ற கேள்விக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மட்டும் பார்த்தால் போதாது என்று தோன்றியது. மச்சானிடம் சொன்னேன். "இப்படிப் பார்த்தா இந்த ஊர்ல எந்த வீட்டையும் வாங்க முடியாது" என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் விவகாரமும் அந்த வருடம்தான். ஸ்காட்ஸ்டேலுக்கு வெளியே, குழாய்த் தண்ணீர் இல்லாத மலையடிவாரம். நிலத்தை ஆறு மனையாகவோ அதற்கு மேலாகவோ பிரித்து விற்றால் நூறு வருடத் தண்ணீருக்கு உத்தரவாதம் காட்ட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லும். ஐந்தைந்தாகப் பிரித்தால் வேண்டாம். அப்படிப் பிரித்து வீடுகள் எழும்பின. பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர், அது ஸ்காட்ஸ்டேல் நகரத்துத் தண்ணீர். கொலராடோ நதி வற்றுகிறது, எங்கள் மக்களுக்கே போதாது என்று 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்தியது. மாதக்கணக்கில் இழுபறிக்குப் பிறகுதான் இடைக்கால ஏற்பாடு வந்தது. மிஞ்சிய தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்பது மார்க்கம். தாகத்தின் உரிமை என்று ஃபிக்ஹ் நூல்களில் தனியாகவே உண்டு. ஆகவே எனக்கு முதலில் நகரத்தின்மேல்தான் கோபம் வந்தது. ஆனால் மிஞ்சியது எது என்று யார் சொல்வது?

அப்போது அன்னை ஹாஜராவை நினைத்துக்கொள்வேன். தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே அவர் ஓடியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பகுதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஸம்ஸம் ஊற்று பொங்கிய பிறகு, ஜுர்ஹும் கூட்டத்தார் வானத்தில் பறவை வட்டமிடுவதைப் பார்த்து, தண்ணீர் இருக்கும் என்று தேடி வருகிறார்கள். அங்கே ஒரு பெண்ணும் குழந்தையும். உங்கள் பக்கத்தில் தங்கிக்கொள்ளலாமா என்று அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கிறார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்கிறார் அவர். சரி என்கிறார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தியில், அவருக்கும் மனிதத் துணை வேண்டியிருந்தது என்ற குறிப்பும் இருக்கிறது. மக்கா என்ற ஊரின் முதல் அக்கம்பக்கம் இப்படித்தான் அமைந்தது. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் இடம் கொடுத்தார். அவரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வந்தவரில்லை, விட்டுச் செல்லப்பட்டவர்.

டிசம்பரில் எல்லாம் நின்றுபோனது. 17, 18 தேதிகளில் ஊரில் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஃபீனிக்ஸில் ஐந்து வருடம் பெய்தால்தான் அவ்வளவு சேரும். ஃபோன் செத்துவிட்டது. இரண்டு நாள் உம்மாவின் குரல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பேசினார், பின்வீட்டு மாடியிலிருந்து. எனக்கு நம்ப முடியவில்லை. அந்த வீட்டாரோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை. அவர்கள் மொட்டை மாடிக் குழாய் எங்கள் முடுக்குச் சுவரில் மழைத்தண்ணீரை ஊற்றுகிறது என்று தகராறு. அந்த வீட்டுப் பையன் இடுப்பளவுத் தண்ணீரில் முடுக்குக் கதவை உடைத்து வந்து உம்மாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். "முன்வாசலுக்குப் போவ முடியல. அந்தக் கதவுதானே கிட்ட" என்றார் உம்மா. இப்போதும் அந்தக் குழாய் எங்கள் சுவரில்தான் ஊற்றுகிறது, தகராறும் ஓயவில்லை.

ஜனவரியில் மறுபடி தேடினோம். நான்தான் மெஸாவின் பழைய பகுதியைச் சொன்னேன். 1878இல் மோர்மன்கள் குடியேறிய ஊர். வந்தவர்கள் புதிதாக எல்லாவற்றையும் வெட்டவில்லை. பல நூற்றாண்டுக்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்த ஹுஹுகம் மக்கள் விட்டுப்போன வாய்க்காலைத் தூர்வாரித்தான் தண்ணீர் விட்டார்கள். அந்த ஹுஹுகமைத்தான் ஓஓதம் மக்கள் தங்கள் முன்னோர் என்கிறார்கள். இங்கே பல கொல்லைகளுக்கு இன்னும் வாய்க்கால் பாசனம். நிலத்தைச் சுற்றிச் சின்ன வரப்பு, மூலையில் மடை, கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பாலைவனத்தில் இப்படித் தண்ணீரைத் தேக்கி நிறுத்துவது வீண் என்று திட்டுபவர்கள் உண்டு. நானும் பாதி அந்தக் கட்சிதான். ஆனாலும் இறங்கிப் பார்த்தோம்.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய மோர்மன் அம்மா. நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே வந்துவிட்டார். முகவர் சொல்லக் கூடாததையெல்லாம் அவரே சொன்னார். அவர்கள் சபையில் எந்த வார்டு என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லையாம். வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அதுதான் வார்டு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த மக்களோடுதான் தொழுகை, சோறு, சாவு. எங்கள் ஊர் மஹல்லாக் கணக்கும் இதுதான் என்றேன். அவர் என் முக்காட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "ராத்திரி எந்நேரமானாலும் எழுந்திருப்பீர்களா?"

மடை முறை எந்த நேரத்திலும் வருமாம். முன்பு அந்த வீட்டில் இருந்தவர் தூங்கிவிடுவாராம். அவர் மடையைத் திறக்காததால் இவர் வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் ஏறிவிடுமாம். வீடு இப்போது காலி என்பதால் அதையும் இவரே பார்த்துக்கொள்கிறார். வாங்குவதற்கு முன் ஒரு முறை வந்து பாருங்கள் என்றார்.

மார்ச்சில் வந்த முறை விடிகாலை 2.50. நோன்பு மாதம். எப்படியும் ஸஹருக்கு எழும்புகிறவர்கள்தானே என்று போனோம். பிள்ளைகள் காரில் தூங்கின. ஆரஞ்சு மரமெல்லாம் பூத்து, அந்த இருட்டே மணத்தது. அம்மா பூட்ஸ் போட்டுக்கொண்டு டார்ச்சோடு நின்றார். தன் மடையை மூடிவிட்டு எங்களுக்கு இந்த மடையின் இரும்புச் சக்கரத்தைக் காட்டினார். மச்சான் திருகினார். முதலில் காற்று வந்தது, பிறகு உறுமல், பிறகு தண்ணீர் பொங்கி எழுந்தது. அமுங்கிய சருகோடு, மண் வாசத்தோடு. பூச்சிகளெல்லாம் கல் சுவரில் ஏறத் தொடங்கின.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. விரல் மறைந்தது, புறங்கால் மறைந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், கீழ்வீட்டுக் கொல்லையில் ஒரு டார்ச் எரிந்தது. யாரோ ஒருவர் தன் முறைக்குக் காத்து நிற்கிறார். முகம் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது.

"யாரது?" என்று மச்சான் கேட்டார்.

தண்ணீர் கரண்டைக்காலைத் தொட்டிருந்தது. சக்கரத்தை மூடும் பக்கம் திருகச் சொன்னேன்.