திரும்பி வராதவருக்கு ஓர் இலை

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உணவகம் நடத்துகிறவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். ஒருவர் உள்ளூர்க்காரர். சாம்பாரில் உப்புக் கூடினால் நேரே கல்லாவுக்குப் போய்ச் சொல்லிவிடுவார். மனம் கசந்தால் நாளை எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இன்னொருவர் ஏற்காட்டையோ கொல்லிமலையையோ பார்த்துவிட்டுப் போகும் வெளியூர்க்காரர். அவர் இந்தப் பக்கம் மறுபடி வருவது அநேகமாக இல்லை. நன்றாகக் கவனித்தாலும் அவரால் வரும் வருமானம் ஒரு வேளையோடு சரி. கவனிக்காமல் விட்டாலும் கல்லாவில் பெரிதாக ஒன்றும் குறையாது. கணக்கு இப்படி இருக்கும்போது, அவருக்குச் செய்யப்படும் நல்ல உபசரிப்பு எங்கிருந்துதான் வருகிறது?

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிறு மாலை மலையிறங்கி வரும் குடும்பங்களை கோரிமேடு, அஸ்தம்பட்டிப் பக்கத்து உணவகங்களில் பார்க்கலாம். குழந்தையின் முகம் வெளுத்திருக்கும். அம்மாவின் கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை இருக்கும். பழகிய சப்ளையர் எடுத்த எடுப்பில் மெனு அட்டையை நீட்டுவதில்லை. கை கழுவும் இடத்தைக் காட்டுவார். ஃபேனுக்கு அடியில் உள்ள மேசையைத் துடைத்துவிட்டு, "பாப்பாவுக்கு இப்ப ஒண்ணும் குடுக்காதீங்க, அஞ்சு நிமிசம் சும்மா உக்காரட்டுங்க" என்பார். எலுமிச்சம்பழத்தில் ஒரு துண்டு வரும். கொஞ்சம் பொறுத்து ஒரு டம்ளர் ரசம் வரும். பெரும்பாலும் இரண்டும் பில்லில் ஏறாது. வாசலில் ஆட்கள் காத்து நிற்கும் நேரத்தில் ஒரு மேசை ஐந்து நிமிடம் வியாபாரமில்லாமல் கிடக்க அவர் இடம் கொடுக்கிறார். அந்தத் தாய் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றும் நிலையிலும் அவர் இல்லை.

வெளியூர்க்காரரின் சங்கடமே இதுதான். எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாத் தூள் கிடையாது. சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கை நிறைய வரமிளகாய், அவ்வளவுதான். பெயர் மட்டும் கேள்விப்பட்டு ஆசையாக வாங்குகிறவர் முதல் வாயிலேயே மிளகாயையும் சேர்த்துக் கடித்துவிடுவார். "மொளகாய ஒதுக்கி வெச்சிட்டு கறியும் தேங்காயும் சேத்து சாப்டுங்க" என்று தட்டை வைக்கும்போதே சொல்கிற ஆள் அவருடைய அந்த வேளையைக் காப்பாற்றிவிடுகிறார். சேலத்துத் தட்டுவடை செட்டை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர் மேல் வடையைத் தனியே எடுத்துவிடப் பார்ப்பார். நடுவில் இருக்கும் பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் சட்டையில் விழுமுன், "அப்படியே முழுசா கடிங்க" என்று வண்டிக்காரர் செய்து காட்டுவார். ஊரறிந்தவருக்கு இவை சின்ன விஷயங்கள். அறியாதவருக்கோ, நாலு பேர் முன்னால் விழிக்காமல் தப்பிக்கும் விஷயங்கள்.

மொழியும் அப்படித்தான். சேலத்து நெசவுக் குடும்பங்களில் வீட்டுமொழி தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் என்று பல. பெங்களூரிலிருந்து வரும் குடும்பத்திடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேச இங்கே யாரும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. கார்த்திகை பிறந்துவிட்டால் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் சபரிமலைக்குப் போகும் வண்டிகள், நாமக்கல்லில் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரை வணங்கிவிட்டுத்தான் நகரும். அந்த இரண்டு மாதமும் ஊரிலுள்ள உணவகங்களில் எல்லோரும் 'சாமி'தான். நடுராத்திரியில் வந்திறங்கும் 40 பேருக்கு இட்லி அவித்துப் போடுகிறவர் தூக்கத்தை விட்டுவிட்டுத்தான் நிற்கிறார். அந்த நேரத்திலும் அவர் குரலில் சிடுசிடுப்பு இல்லையென்றால், அதைச் சம்பளத்துக்குள் அடக்கிவிட முடியாது.

இதற்கு நேர்மாறான இடங்களையும் தமிழ்நாட்டில் இரவுப் பேருந்தில் போனவர்கள் அறிவார்கள். பேருந்து நிற்கும் இடத்தில்தான் சாப்பிட்டாக வேண்டும், வேறு வழியில்லை. கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. காசை வாங்கும் கை முகத்தைப் பார்க்காது. 'இவன் நாளைக்கு வரப்போவதில்லை' என்ற அதே கணக்குதான் அங்கே வேறு விதமாக முடிந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஒன்று, பயணி ஒருவர், கணக்கும் ஒன்று. கிடைக்கும் மரியாதை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. ஆகவே உபசரிப்பை லாபத்தைக் கொண்டு விளக்கிவிட முடியாது என்றே நான் நம்புகிறேன்.

இந்த மண்ணிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு இன்றும் ஆடி மாதத்தில் அங்கே விழா எடுக்கிறார்கள். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில், வழியே வந்த பாணர் கூட்டம் ஒரு வேட்டுவரைக் காண்கிறது. அவர்தான் ஓரி. ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரை வீழ்த்தியவர். யாரென்று தெரியாமலே அவரைப் பாடுகிறார்கள். 'கோ', அதாவது அரசன், என்று புகழ்ந்ததும் அவருக்கு நாணம் வந்துவிடுகிறது. தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல வாய் திறக்கிறார்கள். அதற்கு அவர் விடவில்லை. வேட்டையாடிய மானின் கறியையும் மதுவையும் கொடுத்து, தம் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் சேர்த்து வழங்குகிறார். வன்பரணர் பாடிய இந்தக் காட்சியில் எல்லோரும் பேசுவது கொடையின் அளவைப் பற்றி. எனக்குப் பெரிதாகப் படுவது, கேட்க விடாமல் கொடுத்த அந்த அவசரம். வெளியூரில் வாய்விட்டுக் கேட்பது எவ்வளவு கூச்சம் என்று கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய உணவகக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கொல்லிமலை அடிவாரத்துச் சமவெளியைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கிறது. நாமக்கல் லாரிக்காரர்களின் ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர். டி.என். 28, டி.என். 34 என்று எண் பொறித்த வண்டிகள் மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானத்திலும் நிற்கும். ஆழ்துளைக் கிணறு போடப் போனவர்கள் மாதக்கணக்கில் வண்டி ஓரத்திலேயே பொங்கித் தின்று படுத்திருப்பார்கள். மொழி தெரியாத ஊரில் தாபாக்காரரிடம் சோறு இருக்கிறதா என்று சைகையில் கேட்டவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ரொட்டியே தின்று அலுத்துப்போன நாளில் எங்கோ ஒருவர் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பார். இன்னொருவர் விரட்டியும் இருப்பார். அவர்களுடைய தம்பியோ மகனோ இங்கே மெஸ் நடத்தும்போது, வாசலில் தயங்கி நிற்கும் முகத்தை அவரால் படிக்க முடிகிறது. அயலூரில் அந்நியராக நின்ற நினைவு வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும், அது பரிமாறும் கைக்கு வந்துவிடுகிறது.

இப்போது அந்தக் கையே வேறு ஊர்க் கையாக இருக்கிறது. இலை போடுகிறவர் ஒடிசாக்காரராக இருக்கலாம். தண்ணீர் வைக்கிற பையன் பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்திருக்கலாம். 'அண்ணா, குழம்பு?' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு பந்தியையே கவனித்துவிடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் மேசைக்கு இந்தப் பக்கமும் விருந்தாளி, அந்தப் பக்கமும் விருந்தாளி. மாலைக்குள் ஊருக்குத் திரும்பிவிடுகிறவருக்கு, வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறவர் பரிமாறுகிறார். இவர்களில் யார் அதிகம் அந்நியர்?

இந்தக் கேள்வியை முதலாளிகள் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நாள் முழுதும் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 2021-இல்தான் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. 'விருந்தினரைச் சிரித்த முகத்தோடு வரவேற்கவும்' என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டும் கடைகளில், அந்தச் சிரித்த முகம் மதியம் நாலு மணிக்கு மிஞ்சிய குழம்பைப் பக்கெட் ஓரத்தில் நின்றபடி சாப்பிடுவதும் நடக்கிறது. தான் கவனிக்கப்படாத ஒருவர் இன்னொருவரை எவ்வளவு காலம் கவனித்துக்கொண்டிருப்பார்?

வேறு மாதிரி நடத்துகிறவர்களும் இந்தச் சாலையிலேயே இருக்கிறார்கள். மோகனூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வந்த இலைக்கட்டைப் பதினொரு மணிக்குப் பிரிக்கிறார்கள். முதல் இலைகள் வேலை செய்கிறவர்களுக்குத்தான். வாடிக்கையாளர் உட்காரும் அதே மேசையில் மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவும் அக்கா எல்லோரும் உட்கார, முதலாளியம்மாவே பரிமாறுகிறார். ஒடிசாத் தம்பிக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்து, "ஊருக்குப் பேசுனியா?" என்று கேட்கிறார். பன்னிரண்டு மணிக்கு முதல் வண்டி வந்து நிற்கும்போது மேசையைத் துடைத்து, அவன்தான் முதலில் வாசலுக்குப் போகிறான்.