பிழை கண்டவன் கடமை

பிழை செய்யாத மனிதன் உலகில் இல்லை என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால் பிறர் பிழையைக் கண்டவன் வாளாவிருக்கலாமா? இதுவே நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணியாகிய நாம், சிங்கப்பூருக்கு வரும்போதெல்லாம் சிராங்கூன் சாலையில் பசியாறிவிட்டு, பிராஸ் பாசா கட்டடத்துப் புஸ்தகக் கடைகளை நாடுவது வழக்கம். அங்ஙனம் ஒருநாள் வாங்கியது, மென்பொருட் கோளாறுகளைக் கண்டறியும் முறைகளைப் போதிக்கும் ஓர் ஆங்கில நூல். தோட்டத்துச் சம்பளக் கணக்கு கணினியில் ஏறிவிட்டமையால் அது உதவுமென நம்பினோம்.

பதிவேற்றுகையில் விடுபட்டவற்றைக் காண அந்நூல் காட்டிய முறையை வரிக்கு வரி பின்பற்றினோம். குறையொன்றுமில்லை என விடை வந்தது. ஆயினும் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாளொருவர் ஒருநாட் கூலி குறைந்ததென முறையிட்டார். கணினி சரியென்கிறதே என்று அவரைத் திருப்பியனுப்பினோம். அன்றிரவு பிரட்டுக் கணக்கோடு ஒப்பிட்டபோதே உண்மை வெளிப்பட்டது. அக்கணினி மொழியில் பட்டியலின் முதலிடத்துக்கு எண் 0. நூலிலோ 1 என அச்சாகியிருந்தது. ஆகவே சோதனை இரண்டாம் பெயரிலிருந்தே தொடங்கிற்று. முதற்பெயர் அவ்வம்மாளுடையது!

மறுநாட் கூலியைச் சேர்த்து மன்னிப்புங் கேட்டோம். நம் பிரதியைப் பென்சிலால் திருத்தினோம். அவ்வளவில் கடமை தீர்ந்ததா? பிழை காணும் நூலே பிழைபடுதல் தராசு பொய்த்ததற்கு ஒப்பாகும். அப்பிரதிகள் இன்னும் எத்தனை மேஜைகளில் கிடக்கின்றனவோ!

கற்றறிந்த ஆசிரியருக்குத் தோட்டக் கிராணி எழுதுவதா என்று நாணம் தடுத்தது. ஆனால் உ. வே. சாமிநாதையர், 1887-இல் தாம் பதிப்பித்த சீவகசிந்தாமணியைத் திருத்தி 1907-இல் மீண்டும் வெளியிட்டாரன்றோ? அமெரிக்க அறிஞர் டொனால்ட் க்னூத், 1968 முதல் வெளிவரும் தம் கணினி நூல்வரிசையில் பிழை முதலிற் காட்டுவோர்க்கு 2.56 டாலர் பரிசளித்தார். மோசடிக்கு அஞ்சி 2008-இல் காசோலையை நிறுத்தியபோதும், கற்பனை வங்கியொன்றின் பெயரால் சான்றிதழ் அளிக்கலானார். பிழை காட்டுவோனைப் பகைவனென்னாது துணைவனென்று கொள்வதன்றோ அறிவு!

ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டோம். எழுதி முடித்தபின் வேறொன்று நெஞ்சை உறுத்திற்று. அப்பிழையை முதலிற் கண்டவர் நாமல்லோம், அவ்வம்மாளே. நூலறியாத அவர், தம் உழைப்பை எண்ணியறிந்து, அஞ்சாது வந்து சொன்னார். ஆங்கிலம் கற்ற நாமோ அச்சையும் யந்திரத்தையும் நம்பி, அவர் சொல்லை நம்பவில்லை. கண்ட பிழையைச் சொல்லுதல் ஒரு கடமையெனில், சொல்பவர் யாராயினும் செவிகொடுத்தல் அதனினும் முந்திய கடமையாம்.