துச்சிலும் புக்கிலும்

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் போன்ற பகுதிகளில், வேலையை நாடித் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்கள் பலர் வாழ்கின்றனர். சிலருக்கு பி.ஜி. விடுதியில் ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும். சிலருக்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை வீடு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. ஆதலால் ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதும் இந்நகரின் பழைய வழக்கம். ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்கினால் வாடகை உயருமோ, காலி செய்ய நேருமோ என்ற கவலை எழுகிறது. 'எங்கும் காலூன்ற முடியவில்லை' என்று இவர்கள் கூறுவதை வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

திருவள்ளுவர் இந்தத் துன்பத்தை அறிந்தவர் போலவே பேசுகிறார். 'நிலையாமை' அதிகாரத்தின் நிறைவில் அவர் இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று 'துச்சில்', ஒதுங்கியிருக்கும் தற்காலிக இடம். மற்றது 'புக்கில்', புகுந்தபின் நிலைத்துத் தங்கும் வீடு. உடம்பில் ஒதுங்கியிருக்கும் உயிருக்கு நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ என்பது அவரது கேள்வி. இந்த நோக்கில் சொந்த வீட்டுக்காரரும் குடக்கூலிக்காரரே!

'அப்படியானால் வீட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா?' என்று இளைஞர்கள் கேட்கலாம். தத்துவத்தைக் காட்டி ஒருவருடைய நியாயமான தேவையை மறுப்பது ஆன்மிகம் அல்ல. தலைக்கு மேல் கூரை வேண்டும். அதற்காக உழைப்பதும் சேமிப்பதும் இல்லறத்தாரின் கடமை. 'வீடு அமைந்த பிறகுதான் மனம் அமைதியுறும், அதன் பிறகுதான் வாழத் தொடங்குவேன்' என்று வாழ்வையே ஒத்திப்போடுவதில்தான் பிழை உள்ளது.

நமது சங்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தமது இறுதி மாதங்களைக் கழித்த காசிப்பூர்த் தோட்ட வீடு வாடகை வீடுதான். 1886 ஆகஸ்டில் அவர் மகாசமாதி அடைந்ததும் இளம் சீடர்கள் அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டு வராகநகரில், எவரும் குடியேற விரும்பாத ஒரு பாழடைந்த வீட்டைக் குறைந்த வாடகைக்குப் பெற்றனர். 1892-இல் ஆலம்பஜார், 1897-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்த வீடும் சேதமுற, 1898-இல் நீலாம்பர் முகர்ஜியின் தோட்ட வீடு. பேலூர் மடத்தில் நிலையாகக் குடியேறியது 1899 ஜனவரியில்தான். ஏறத்தாழ 12 ஆண்டுகள் சங்கம் வாடகைக் கூரையின் கீழ் வளர்ந்தது!

அந்த ஆண்டுகளில் மாறாதிருந்தது எது? குருதேவரின் பூஜை. வராகநகரிலும் ஆலம்பஜாரிலும் அதைக் கண்ணாகக் காத்தவர் சசி மகராஜ், அதாவது சுவாமி ராமகிருஷ்ணானந்தர். 1897-இல் சென்னைக்கு வந்த அவர் ஐஸ் ஹவுஸில் மடத்தை நடத்தினார். 1906-இல் அக்கட்டிடம் ஏலத்திற்குச் சென்றபோது, அதன் வளாகத்திலிருந்த சிறிய புறவீட்டிற்கு மாறினார். மயிலாப்பூரில் மடத்திற்குச் சொந்த இடம் அமைந்தது 1907-இல். இடம் சுருங்கியது, பூஜை சுருங்கவில்லை. கீதையின் 12-ஆம் அத்தியாயம் பக்தனை 'அநிகேதன்', அதாவது வீடற்றவன் என்று கூறி, உடனே அவனை உறுதியான மதி உடையவன் என்றும் கூறுவதன் பொருள் இதுவே.

எனவே, பி.ஜி. அறையானாலும் ஒரு சாண் இடத்தை இறைவனுக்கு ஒதுக்குங்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில், கால்மணி நேரமாவது அங்கே அமருங்கள். முகவரி மாறலாம், அந்த நேரம் மாற வேண்டாம். அண்டை வீட்டாரின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். நான்கு கன்னடச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் பசவனகுடி ஆசிரமத்திற்குச் செல்லுங்கள். 1911-இல் அன்னை ஸ்ரீசாரதாதேவி அமர்ந்து தியானித்த பாறை அங்கே உள்ளது. அவரும் கல்கத்தாவில் 1909 வரை பல வாடகை வீடுகளில் தங்கியவர்தான்.

வீட்டு உரிமையாளர்களாக உள்ள அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது சட்டமாகும். ஆனால் தர்மம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வாசலில் நிற்கும் இளைஞனின் சாதியைக் கேட்காமல் அவனது நேர்மையைப் பாருங்கள். காலி செய்யும் நாளில் முன்பணத்தை முறையாகத் திருப்பிக் கொடுங்கள். அதுவும் சிவசேவையே.

துச்சிலில் இருக்கும்போதே புக்கிலை உணரும் பேற்றை அன்னை நம் அனைவருக்கும் அருள்வாராக!