படக் கம்பி வியாபாரமும் நமது அமானத்தும்



மார்க்க விஷயங்களை ஆலிம்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நடந்ததைக் கடைக்காரன்தானே சொல்ல முடியும்? சங்கத்தார் எழுதக் கேட்டபோது அதனால்தான் நாம் மறுக்கவில்லை.

1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, இந்தக் கேமரன் மலையில் கடைத்தெரு என்று ஒன்று நிற்பதற்குத் தோட்டத்து ஜனங்களின் சம்பளப் பணமும் ஒரு காரணம். கொழுந்து பறித்த கைகள் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேபாளத்தார் கைகளாக மாறிவிட்டன. ஆயினும் பழைய லயங்களில் நம் தமிழ் ஜனங்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி சென்ற மழைக்காலத்தில் நம் கடைக்கு வந்தார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் புது டெலிவிஷன் வாங்கித் தந்திருக்கிறான். படம் அடிக்கடி கட்டம் கட்டமாக உடைகிறது. "நல்ல வயராப் பார்த்துக் குடு தம்பி" என்றார்.

நம்மிடம் இரண்டு விதமான எச்.டி.எம்.ஐ. வயர்கள் இருந்தன. ஒன்று 15 வெள்ளி. மற்றொன்று முனையில் தங்கமுலாம் பூசி, நூலுறை போட்டு, வெல்வெட்டுப் பெட்டியில் வைத்தது, 180 வெள்ளி. இதைப் போட்டால் படம் பளிச்சென்று வரும் என்று மொத்த வியாபாரியின் ஆள் நம்மிடம் சொல்லியிருந்தான். நாம் அதையே அந்த அக்காவிடம் ஒப்பித்தோம். 2025-இல் சட்டம் வகுத்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "மழை பேஞ்சா அப்படியேதான் இருக்கு தம்பி, நான்தான் சரியாச் சொருகலியோ என்னவோ" என்று தம்மையே குறை சொல்லிக்கொண்டார். சகோதரர்களே, அவர் ஏசியிருந்தால் நமக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் ரிப்பேர் தெரிந்த பையனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். குறை உள்ளே இல்லை. கூரைமேல் இருக்கும் தட்டிலிருந்து இறங்கும் கம்பியின் இணைப்பில் மழைநீர் புகுந்து, செம்பு பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அந்த நுனியை வெட்டிப் புது முனை போட்டு, தண்ணீர் புகாமல் நாடா சுற்றினான். செலவு 2 வெள்ளி. பெருமழை கொட்டும்போது படம் நிற்பது மட்டும் தீராது. விண்கோளிலிருந்து வரும் அலையை மழையே விழுங்கிவிடுகிறது. அதற்கு எந்தக் கடையிலும் கம்பி கிடையாது.

அந்தப் பையன் சொல்லித்தான் நமக்கு விளங்கிற்று. இந்த நாட்டில் டெலிவிஷன் வந்தது 1963 டிசம்பர் 28-இல். அன்றுமுதல் இருந்த பழைய முறையில், கம்பி மட்டமானால் படத்தில் பனி பெய்யும், நிழல் விழும். நல்ல கம்பி போட்டால் தெளியும். ஜனங்கள் நம்புவது அந்த அனுபவத்தை வைத்துத்தான். அந்த ஒளிபரப்பு முறை 2019 அக்டோபரோடு முடிந்துபோயிற்று. இப்போது எச்.டி.எம்.ஐ. வயரில் போவது வெறும் எண்கள். ஊருக்கு ஆள்மூலம் நூறு வெள்ளி கொடுத்தனுப்புகிறோம். கொண்டுபோகிறவர் பட்டுச் சட்டை போட்டிருந்தால் அது நூற்றுப்பத்தாகுமா? எண் வந்து சேர்ந்தால் படம் முழுசு. வழியில் சிந்தினால் புள்ளி புள்ளியாய் மின்னும், அல்லது திரை இருண்டுவிடும். சேர்ந்த படத்தை இன்னும் அழகாக்க வயரால் ஆகாது.

விலை கூடிய வயர் எல்லாமே வீண் என்றும் நாம் சொல்லவில்லை, அதுவும் பொய்யாகும். பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் இழுத்தால் சாதா வயர் தடுமாறும். 4கே படத்தை விநாடிக்கு 60 தடவை காட்ட 18 கிகாபிட் தாங்கும் வயர் தேவை. அதற்குரிய சான்று முத்திரை பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். தங்கமுலாம் களிம்பு பிடிக்காது. நம் மலை ஈரத்துக்கு அது ஓரளவு உதவி. இதைச் சொல்லி விற்றால் தோஷமில்லை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். "லாபத்துக்கு ஷரீஅத்தில் வரம்பில்லையே" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். மெய்தான். மதீனாவில் விலைவாசி ஏறி, விலை கட்டித் தரும்படி சஹாபாக்கள் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே போடக்கூடாதா என்று கேட்டு, மோசம் செய்கிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று அறிவித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் ஹதீது இது. மழை அவன் குற்றமல்ல. மறைத்தது அவன் குற்றம். நாமோ ஒரு படி மேலே போய், சரக்கில் இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

"மொத்த வியாபாரி சொன்னான், நாமும் சொன்னோம்" என்ற சாக்கும் நம் நெஞ்சில் எழுந்தது. நாம் அவனை ஒரு கேள்வி கேட்டோமா? வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தோமா? ஐந்து நிமிஷ வேலை. பார்த்தால் 165 வெள்ளி வித்தியாசம் போய்விடும் என்று நப்ஸுக்குத் தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சரித்திரத்தைப் பாருங்கள். அவர்களுக்காக ஒரு குதிரை முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடிக்கப்பட்டது. விற்றவன் சந்தோஷமாகவே விற்றான். ஜரீர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு, இது அதற்கும் மேலே பெறும் என்று தாமே நூறு நூறாக ஏற்றி எண்ணூறு கொடுத்தார்கள். பிறருக்கு நன்மையே நாடுவதாக ரசூலுல்லாஹ்விடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். வாங்குகிறவரே இப்படியென்றால் விற்கிற நாம் எங்கே நிற்கிறோம்? அந்த அக்கா முஸ்லிமல்லவே என்று ஒரு நண்பர் சொன்னார். அளவில் மோசம் செய்வோரைப் பற்றி இறங்கிய சூரா, ஜனங்களிடம் அளந்து வாங்குவதையும் ஜனங்களுக்கு அளந்து கொடுப்பதையும்தான் பேசுகிறது. எந்த ஜனம் என்று பிரிக்கவில்லை.

165 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். 15 வெள்ளி வயரை மாட்டிவிட்டு, அந்தப் பெட்டி வயரைக் கொண்டுவந்துவிட்டோம். மற்றவர்களுக்கு விற்றது நான்கு. இரண்டு பேரைக் கண்டுபிடித்தாயிற்று. ஒருவர் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார். இன்னொருவர் யாரென்றே நினைவில்லை. அவ்விருவர் பணமும் தனி உறையில் கல்லாவிலேயே இருக்கிறது. மீதிப் பெட்டிகளில் "களிம்பு பிடிக்காது, படம் கூடாது" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி, விலையை 40 ஆக்கினோம். இந்த மாதம் ஒன்றுதான் போனது.