போலிக்கல்லும் மெய்ப்பொருளும்

ஒரு பொருள் இன்னொரு பொருளின் தோற்றத்தை மேற்கொள்ளும்போது அது பொய்யாகிவிடுகிறதா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. ஓவியம், சிற்பம், நாடகம் ஆகிய கலைகளை முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. வீட்டுத் தோட்டத்துக்காகக் கையால் செய்துகொள்ளும் ஒரு மலிவான செடித்தொட்டியின்மேல் அதை ஏற்றுவது சிறுபொருளுக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றலாம். ஆயினும் ஹைப்பர்டூஃபா எனப்படும் செயற்கைக் கல்லால் ஆன தொட்டி, கல்லைப்போல் தோன்றுவதற்கென்றே பிறந்தது என்பதாலும், அதனுள் வளரும் செடிக்குத் தோற்றத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பதாலும், கண்ணுக்கான போலியையும் பயனுக்கான போலியையும் பிரித்தறிவதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

டூஃபா என்பது ஊற்றுநீரால் உருவாகும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும் நீர் வெளிக்காற்றில் பட்டுத் தன்னுள் இருந்த கரியமிலவாயுவை இழக்கும்போது, கால்சியம் கார்பனேட் அந்நீரிலிருந்து பிரிந்து, வழியிலுள்ள பாசியின்மேலும் சருகின்மேலும் படிந்து இறுகுகிறது. உள்ளிருந்த பாசியும் சருகும் பின்னர் மக்கிப்போக, அவை இருந்த இடங்கள் புழைகளாக எஞ்சுகின்றன. எடை குறைந்த இக்கல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமேயன்றி மிகுநீரைத் தேங்கவிடாது. ஆகவே ஆல்ப்ஸ் போன்ற உயர்மலைகளின் பாறை இடுக்குகளில் வாழும் சாக்சிஃப்ரேகா முதலிய குறுஞ்செடிகளை இக்கல்லில் துளையிட்டு நட்டாலே அவை வேரூன்றி வளரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய மலைச்செடிகளின்மேல் ஆங்கிலேயத் தோட்டக்காரர்களுக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. ஸ்டீவனேஜ் ஊரில் நாற்றுப்பண்ணை நடத்திய கிளாரன்ஸ் எலியட், பண்ணைகளில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கல்தொட்டிகளில் அச்செடிகளை நட்டு, 1920களில் அவ்வழக்கத்தைப் பரப்பினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பன்றிக்குக் கழுநீர் ஊற்றவும் அடுக்களையில் ஏனம் கழுவவும் பயன்பட்ட எளிய தொட்டிகள் அவை. செடியின் அழகால் அவற்றுக்கு மதிப்பு ஏற, மதிப்பால் விலை ஏற, சில ஆண்டுகளிலேயே அவை எளியோர்க்கு எட்டாத அரும்பொருள்களாயின. ஹைப்பர்டூஃபா அந்த இடைவெளியில் தோன்றியது. அது போலிசெய்தது செல்வர்களின் பளிங்கை அன்று, ஏழைகளின் கழுநீர்த்தொட்டியை என்பது இவ்வாராய்ச்சியில் மறக்கத் தகாத செய்தி.

அதன் செய்முறை எளிது. போர்ட்லண்ட் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் எனப்படும் சதுப்புநில மக்கு இரண்டு பங்கு என்பது பழைய ஆங்கிலக் கலவை. எடையைக் குறைக்க விரும்புவோர் மணலுக்கு ஈடாகப் பெர்லைட்டை, அதாவது சூட்டில் பொரிந்து பருத்த எரிமலைக் கண்ணாடித் துகளைச் சேர்ப்பர். உலர்நிலையில் நன்கு கலந்தபின் சிறிது சிறிதாக நீர் ஊற்றி, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை உடையாமலும் ஓரிரு சொட்டுக்குமேல் நீர் கசியாமலும் இருக்கும் பதத்துக்குப் பிசைய வேண்டும். ஒன்றனுள் ஒன்றாக வைத்த இரு அட்டைப்பெட்டிகளே அச்சாகப் போதும். சுவர் ஏறத்தாழ நான்கைந்து சென்டிமீட்டர் கனமும், அடியில் நீர் வடியத் துளைகளும் இருத்தல் வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும் ஆதலால் கையுறையும், நுண்தூள் மூச்சில் ஏறும் ஆதலால் முகமூடியும் தவிர்க்கக்கூடாதவை. ஓரிரு நாளில் அச்சைக் கழற்றி, மேற்பரப்பு முற்றும் இறுகுமுன் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியபின், கொத்தனார்கள் கியூரிங் என்று சொல்லும் முறைப்படி, ஈரம் காயாமல் மூடி நான்கு வாரம் வைப்பர். சிமெண்ட் இறுகுவது உலர்வதால் அன்று, நீருடன் வேதிவினை புரிந்து கட்டுண்பதால் என்பதே இக்காத்திருப்பின் காரணம்.

இவ்வாறு செய்த தொட்டியைப் பிளேட்டோவின் முன் நிறுத்தினால் அவர் அதை எங்கே வைப்பார் என்பது உடனே விடை கூறத்தக்கதன்று. குடியரசு என்னும் நூலின் பத்தாம் பகுதியில் அவர் மூன்று கட்டில்களைப் பேசுகிறார்: கடவுள் படைத்த கட்டிலின் மூலவடிவம் ஒன்று, அதை நோக்கித் தச்சர் செய்யும் கட்டில் ஒன்று, தச்சரின் கட்டிலைப் பார்த்து ஓவியர் வரையும் கட்டில் ஒன்று. ஓவியக் கட்டில் மெய்ம்மையிலிருந்து மூன்றாம் படியில் நிற்பதாலும், கட்டிலின் ஒரு பக்கத் தோற்றத்தை மட்டுமே பற்றுவதாலும் அவர் அதை இழித்துரைக்கிறார். ஹைப்பர்டூஃபா தொட்டியோ பழங்கல்தொட்டியைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற வகையில் ஓவியத்தோடும், மண் நிரப்பிச் செடி நடத்தக்கது என்ற வகையில் தச்சரின் கட்டிலோடும் சேர்கிறது. போலியாகவும் புழங்குபொருளாகவும் ஒருங்கே இருக்கும் ஒன்றுக்குப் பிளேட்டோவின் வரிசையில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஓவியத்தையே போலிக்கு முழு எடுத்துக்காட்டாகக் கொண்டது அவ்வாதத்தின் குறை என்றே கொள்ள வேண்டும்.

கட்டடக்கலையை முன்வைத்து இதே வினாவை எழுப்பிய ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ரஸ்கின், 1849இல் வெளியிட்ட கட்டடக்கலையின் ஏழு விளக்குகள் என்ற நூலில் இன்னும் நுணுக்கமாகச் செல்கிறார். மரத்தின்மேல் பளிங்கு வரிகளைத் தீட்டுவதுபோல ஒரு பொருளின் மேற்பரப்பை இன்னொரு பொருளாகக் காட்டுவதை அவர் வஞ்சனை வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறார். ஆனால் கட்டடத்தில் பொன்முலாம் பூசுவது வஞ்சனை ஆகாது. முழுப்பொன் என்று அங்கே எவரும் கொள்வதில்லை. நகையில் பூசினால் அது வஞ்சனை, அங்கே பொன் என்றே கொள்வர் என்று அவர் பிரித்துக்காட்டுவது போற்றத்தக்கது. பொய் என்பது பொருளில் மட்டும் கிடப்பதன்று, காண்பவர் அதை என்னவாகக் கொள்கிறார் என்பதையும் பற்றியது என்பது அதனால் பெறப்படும். மாமல்லபுரத்தின் திரௌபதி ரதம் ஒரே பாறையில் குடைந்த கூரைக்குடிசை. ஓலைவேய்ந்த கூரையின் வளைவு அங்கே கல்லில் நிற்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அதைக் கண்டோருள் கூரை என்று நம்பி ஏமாந்தவர் இருந்திருக்க முடியாது. கல் தன்னைக் கல்லென்று காட்டிக்கொண்டே குடிசையை நினைவூட்டுகிறது.

இவ்வளவுகோலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், ஒரே கலவையின் இரு பயன்பாடுகள் வேறுவேறு தீர்ப்பைப் பெறும். வெண்பீங்கானால் ஆன பழைய அடுக்களைத் தொட்டியின்மேல் பசை தடவி, அதன்மேல் ஹைப்பர்டூஃபாவை விரல்கனத்துக்கு அப்பிக் கல்தொட்டிபோல் ஆக்குவது இங்கிலாந்தில் பரவலாக இருந்த வழக்கம். உள்ளே பீங்கான், வெளியே கல்லின் தோல் என்ற இவ்வமைப்பு ரஸ்கின் குறிப்பிடும் மேற்பரப்பு வஞ்சனைக்கு நெருங்கியது; பனியிலும் வெயிலிலும் தோல் கழன்று விழும்போது வெளுத்துவிடுவதும் அதுவே. முழுவதும் கலவையால் வார்த்த தொட்டியோ உடைந்தாலும் உள்ளும் புறமும் ஒன்றாகவே இருக்கும். கம்பித் தூரிகையின் கீறல்கள்கூட உளியின் தடத்தை நினைவூட்டினாலும், கலவையின் சொந்தப் புழைகளைத் திறந்துவிடும் வேலையையும் செய்கின்றன. விற்பவர் ஒருவர் இதைப் பழங்கல் என்று கூறி விற்றால் பொய் அவர் வாயில் இருக்கும், தொட்டியில் இராது.

செடியின் பக்கம் திரும்பும்போது வினாவே உருமாறுகிறது. மலைச்செடிகள் குளிரால் சாவதைவிட, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரத்தால் சாவதே மிகுதி. அவற்றுக்கு வேண்டுவது வடிகாலும் புழையும். அரிஸ்டாட்டில் தம் இயற்பியலின் இரண்டாம் நூலில், இயற்கையால் முடிக்கவியலாததைக் கலை சில இடங்களில் நிறைவேற்றுகிறது, சில இடங்களில் இயற்கையைப் பின்பற்றுகிறது என்கிறார். அவர் கருதும் பின்பற்றல் வெளித்தோற்றத்தைப் படியெடுப்பதன்று, இயற்கை செயல்படும் முறையைத் தொடர்வது. டூஃபாவில் மக்கிய பாசி புழைகளை விட்டுச்செல்வதைப்போலவே, ஹைப்பர்டூஃபாவில் கலந்த பீட்டும் காலப்போக்கில் மக்கி நுண்புழைகளை விட்டுச்செல்கிறது. கல்லின் முகத்தை மட்டும் நாடியிருந்தால் சிமெண்டும் சாயமும் போதுமாயிருக்கும். பீட்டைச் சேர்த்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, கல் உருவான வழியையே பின்பற்றினர்.

இதைவிட ஆழமான ஒற்றுமை ஒன்று வேதியியலில் உண்டு. சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. புதுத்தொட்டியின் கடுங்காரம் வேரைக் கருக்குவது இதனாலேயே. பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவி, அல்லது மழையில் நெடுநாள் விட்டபின்பே நடவேண்டும் என்பது இதனாலேயே. தொட்டியில் எஞ்சும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. டூஃபாவும் கால்சியம் கார்பனேட்டே. ஊற்றுநீர் அவ்வாயுவை இழந்து அடைந்த பொருளைத் தொட்டி அதைப் பெற்று அடைகிறது. போலி தன் மூலத்தின் தோற்றத்தோடு தொடங்கி, ஒரு பகுதியளவில் அதன் பொருளாகவே ஆகிவிடுகிறது. கட்டிலைப் புதைத்து அது தளிர்த்தால் முளைப்பது கட்டிலன்று, மரமே என்று கிரேக்கச் சிந்தனையாளர் ஆன்டிஃபான் கூறியதை அரிஸ்டாட்டில் அதே நூலில் எடுத்தாள்கிறார். மனிதர் இட்ட வடிவம் மேலோட்டமானது, அடிப்பொருளே நிலைப்பது என்பது ஆன்டிஃபானின் கருத்து. அரிஸ்டாட்டிலோ வடிவத்துக்கே முதன்மை தருபவர். மண்ணில் வைத்த தொட்டி தொட்டியை ஈனுவதில்லை, ஆனால் அதன் பொருள் சுண்ணாம்புக்கல்லை நோக்கியே செல்கிறது என்ற அளவில் ஆன்டிஃபானின் பக்கமும் வலுவுடையதாகிறது.

குடத்தைக் கொண்டே காரணங்களை விளக்கும் சைவ சித்தாந்த மரபு இங்கே துணைசெய்யக்கூடும். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம் என்று வகுக்கும் அம்மரபு, காரியம் முன்னமே காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தை ஏற்கிறது. இல்லாதது தோன்றாது என்பது அதன் உட்பொருள். சிமெண்டின் முதற்காரணமே சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் களிமண்ணோடு சுட்ட சுண்ணாம்புக்கல் என்பதை நினைந்தால், தொட்டிக்குள் மீண்டும் தோன்றும் சுண்ணாம்புக்கல் வேற்றிடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாகத் தோன்றாது. சற்காரியவாதம் வேதியியற் கூற்று அன்று, அதற்கு இச்சான்று நிறுவலும் ஆகாது. ஆயினும் போலி, மூலம் என்ற இருமையைக் காட்டிலும் காரணம், காரியம் என்ற தொடர்ச்சி இத்தொட்டிக்குப் பொருத்தமாக அமைகிறது.

புதுத்தொட்டியின்மேல் மோரையோ தயிரையோ பாசியோடு அரைத்துத் தடவிப் பழமையை விரைவுபடுத்தும் வழக்கமும் உண்டு. முதுமையை நடிப்பது என்று அதைக் கடிவோர் உளர். தடவியதால் பாசி பிடித்தாலும், பிடித்து வளர்வது வண்ணமன்று, உயிர். ஈரமும் நிழலும் ஒத்துவராத இடத்தில் எத்தனை முறை தடவினாலும் அது நிலைக்காது. எனவே இதை வஞ்சனையாகக் கொள்ளத் தேவையில்லை.

உண்மையான குற்றம் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் உள்ளது. பீட் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே படிகிறது. ஒரு முழம் பீட் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதை வெட்டி எடுக்கும்போது சதுப்புநிலம் வற்றி, அடைபட்டிருந்த கரியும் காற்றில் கலக்கிறது. எளியோர்க்கு எட்டாத பழங்கல்தொட்டிக்கு மாற்றாக வந்த தொட்டி எங்கோ ஒரு நிலத்தைச் சுரண்டுமானால், அதன் மலிவு வேறொருவர் செலுத்திய விலையாகிவிடும். பிரித்தானியத் தோட்டக்காரர் பலர் பீட்டுக்கு மாற்றாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தேங்காய் நார்த்தூளுக்கு மாறியுள்ளனர். கயிறு திரிக்க நாரைப் பிரித்தபின் பொள்ளாச்சி வட்டாரத்து ஆலைகளில் ஒருகாலத்தில் மலைபோல் குவிந்து கழிவென ஒதுக்கப்பட்ட பொருள் அது. உப்பு நீங்கக் கழுவிய நார்த்தூள் ஹைப்பர்டூஃபாவில் பீட்டின் வேலையைச் செய்கிறது, மக்குவது மட்டும் சற்று மெதுவாக. சிமெண்டுக்கு அத்தகைய மாற்று எளிதில் அமையவில்லை. சூளையில் சுண்ணாம்புக்கல் விட்ட கரியமிலவாயுவில் ஒரு பகுதியைத் தொட்டி தன் வாழ்நாளில் மீளப் பெறுகிறது. சூளையை எரித்த எரிபொருளின் வாயுவை அது பெறுவதில்லை.